சட்டைக் காலரில் ஒரு குறி, கல்லீரல் புரதத்தில் ஒரு குறி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் சலவைக்காரர், சட்டைக் காலரின் உள்பக்கம் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போடுவார். இப்போது மார்க்கர் பேனா. அவருடைய அப்பா காலத்தில் சேங்கொட்டைச் சாறு. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சட்டை எல்லார் வீட்டிலும் ஒரே வெள்ளைச் சட்டைதான். எந்த வீட்டுக்குப் போகும் என்பதை அந்தக் குறிதான் சொல்லும்.

பெரியப்பாவின் கல்லீரல் ரிப்போர்ட்டை முதல்முறை கையில் வாங்கியபோது எனக்கு இந்தக் காலர்தான் நினைவுக்கு வந்தது. நம் செல்கள் புரதத்தைச் செய்து முடித்த பிறகும் அதை விடுவதில்லை. அதன்மேல் குறியாக ஒரு பாஸ்பேட்டையோ, சர்க்கரையையோ, குட்டிப் புரதத்தையோ ஒட்டுகின்றன. ஒட்ட ஒரு நொதி, பிய்த்தெடுக்க வேறொரு நொதி. பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ் நொதிகள் மட்டுமே மனிதருக்கு 500-க்கு மேல் உண்டு.

இவற்றில் கடுமையான குறி யுபிக்விட்டின். 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம் அது. இது சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதங்களில் பெரும்பாலானவை புரோட்டியசோம் என்ற அரவை மில்லுக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடித்த ஆரன் சிகனோவர், ஆவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, கல்லீரலுக்கு வருவோம். பீட்டா-கேட்டனின் என்று ஒரு புரதம். செல்லைப் பெருகச் சொல்லித் தூண்டும். தேவையில்லாத நேரத்தில் கைனேஸ்கள் அதன் ஒரு முனையில் பாஸ்பேட் வைக்கும். அதைப் பார்த்துத்தான் யுபிக்விட்டின் ஒட்டும் நொதி வரும், புரதம் மில்லுக்குப் போகும். கல்லீரல் செல் புற்றுநோய்க் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இந்தப் புரதத்தின் மரபணு மாறியிருக்கிறது. பெரும்பாலும் மாறுவது பாஸ்பேட் வைக்கவேண்டிய அந்த முனைதான். நொதிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் காலரே கிழிந்துபோனால் குறியை எங்கே போடுவது? அழியவேண்டிய புரதம் உள்ளேயே குவிந்து, பெருகு பெருகு என்று செல்லை விரட்டிக்கொண்டே இருக்கும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். எம்டிஎம்2 என்ற நொதி அளவுக்கு மீறினால், கட்டியைத் தடுக்கும் பி53 புரதத்துக்கே அழிவுக் குறி போட்டு அனுப்பிவிடும்.

2007-இல் அமெரிக்கா கல்லீரல் செல் புற்றுநோய்க்கு அனுமதித்த சோராஃபெனிப் மாத்திரை சில கைனேஸ்களைத் தடுக்கிறது. அந்த அனுமதிக்கு வழிசெய்த ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமானது. சின்ன எண்தான். ஆனால் அந்த மூன்று மாதம் என்ன என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது சர்க்கரைக் குறி. கருவில் இருக்கும்போது கல்லீரல் ஏஎஃப்பி என்ற புரதத்தைச் செய்யும். பிறந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிடும். பெரியவர்களிடம் மறுபடி ஏறினால் புற்றுநோய்ச் சந்தேகம் வரும். சிக்கல் என்னவென்றால், சுருங்கிய கல்லீரலிலும் வீங்கிய கல்லீரலிலும் புற்றுநோய் இல்லாமலே அது ஏறலாம். இங்கேதான் எஃப்யூடி8 நொதி காட்டிக்கொடுக்கிறது. புற்றுசெல்களில் அது ஏஎஃப்பியின் சர்க்கரைக் கிளை அடியில் ஃபியூகோஸ் என்ற இன்னொரு சர்க்கரையை ஒட்டுகிறது. அதைப் பிரித்தறிய ஆய்வகத்தில் உதவுவது மைசூர் பருப்பிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். ஆமாம், துவரம்பருப்பு தீர்ந்த நாளில் நாம் சாம்பாரில் போடும் அதே பருப்பு! ஃபியூகோஸ் ஒட்டிய ஏஎஃப்பியை மட்டும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பங்குக்கு எல்3 என்று பெயர். 10 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் கூடுதலாகத் தேடுவார். புற்றுநோய் உறுதியானவர்களிடம் இது அதிகமாக இருந்தால், கட்டி வேகமாக வளர்ந்து ரத்தக்குழாய்க்குள் நுழையும் வாய்ப்பு அதிகம்.

பெரியப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரலும் சுருங்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். போன தடவை எல்3 10-க்குக் கீழேதான். ஆனால் எல்3 குறைவாக இருந்தும் கட்டி இருக்கலாம். அதனால் அடுத்த ஸ்கேன் தேதியைப் பெரியம்மா தினசரிக் காலண்டரில் இப்போதே மடக்கி வைத்திருக்கிறார்.