புகை இல்லாத அந்த 11 மாதங்கள்

எங்கள் கிளினிக்கில், மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசர் கருவி உள்ள அறையை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. "கேஸ் பிடிக்க வந்தேன்" என்றுதான் சொல்வார்கள். நான்கு நாற்காலிகள் உள்ள சின்ன அறை. சாதாரண நாளில் அதில் இரண்டு காலியாகக் கிடக்கும். இந்தோனேசியாவில் காடும் நிலமும் எரிந்து இங்கே புகைமூட்டம் சூழும் வாரங்களில் காலை எட்டரை மணிக்கே வராந்தாவில் பெஞ்சு போட வேண்டியிருக்கும். மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மூச்சு சம்பந்தமான நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அப்போது நான் பணியில் சேர்ந்த புதிது. எதிரே இருந்த அடுக்குமாடிக் கட்டடம் கண்ணுக்குத் தெரியாமல் போன அந்தக் காலையில், மூச்சு இழுக்க முடியாமல் வந்து உட்கார்ந்தவர்களின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

அதற்குப் பிறகு வந்த ஒரு புகைமூட்டத்தில் ஒரு பாட்டி வந்தார். முப்பது ஆண்டுகள் ரப்பர் மரம் சீவியவர். கையில் ஒரு நெகிழிப் பை. அதை என் மேசைமேல் கவிழ்த்தார். ஐந்து நீல நிற இன்ஹேலர்கள், ஐந்தும் காலி. கூடவே இரண்டு பழுப்பு நிற இன்ஹேலர்கள். அவற்றின் பெட்டி பிரிக்கப்படவே இல்லை. ஒன்றுக்குக் காலாவதித் தேதி கடந்திருந்தது.

"இதை ஏன் பாட்டி தொடவே இல்லை?" என்று கேட்டேன்.

"நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு டாக்டர்?" என்றார்.

ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. நீலம் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் நிம்மதி கிடைக்கும், அதனால் அதன்மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அந்த வீக்கத்தைக் குறைப்பது பழுப்புதான். அது வேலை செய்ய நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். இழுத்த உடனே எதுவும் தெரியாது, அதனால் அலமாரிக்குப் போய்விடுகிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் கினா வழிகாட்டுதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீங்கிய மூச்சுக்குழாயோடு புகைக்குள் நுழைபவருக்கும், மருந்தால் வீக்கம் வற்றிய மூச்சுக்குழாயோடு நுழைபவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நான்கு நாற்காலிகளில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

இந்தப் பாட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அரசியல்வாதியின் பேச்சும் நினைவுக்கு வரும். 2015 மார்ச்சில் இந்தோனேசியாவின் அன்றைய துணை அதிபர் யூசுப் கல்லா, அண்டை நாடுகள் 11 மாதங்கள் எங்கள் நாட்டுக் காடுகள் தரும் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டு நன்றி சொல்வதில்லை, ஒரு மாதம் புகை வந்தால் மட்டும் கோபப்படுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். பலருக்கும் அது எரிச்சலூட்டியது, எனக்கும்தான். ஆனால் அவர் சொன்ன அந்த 11 மாதங்களில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் பதற வேண்டிய மாதங்கள் அவை.

எரிவது மரம் மட்டும் என்றால் மழை வராவிட்டாலும் சில நாட்களில் அணைந்துவிடும். இங்கே எரிவது மண். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும், நம் சிலாங்கூரிலும்கூட, கரிமண் நிலம் இருக்கிறது. மலாயில் தானா காம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் வேரும் கிளையும் தண்ணீருக்குள் கிடந்து, முழுதாக மக்காமல், பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்த மண் அது. இயல்பான நிலையில் அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அள்ளிப் பிழிந்தால் கடுந்தேநீர் நிறத்தில் வழியும். அது எளிதில் எரியாது. அதில் செம்பனையோ (பாமாயில் தரும் பனை), காகிதக்கூழுக்கான மரமோ நட வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். வடிக்க வாய்க்கால் வெட்ட வேண்டும். வெட்டியதும் நிலம் காய்ந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்து, விறகாக மாறிவிடுகிறது. பிறகு ஒரு சிறு தீ போதும். அது தரைக்கு அடியில் இறங்கி, சுடரே இல்லாமல், வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். ஹெலிகாப்டரில் இருந்து கொட்டும் தண்ணீர் மேலோடு நின்றுவிடும். நிலத்தடி நீர்மட்டம் ஏறினால்தான் அது உண்மையாக அணையும். சுடரில்லாமல் புகையும் தீயில் எரிதல் அரைகுறையாக நடப்பதால் நுண்துகள் மிக அதிகமாக வெளிவருகிறது. அதுதான் காற்றில் ஏறி மலாக்கா நீரிணையைக் கடந்து வருகிறது.

இதன் தொடக்கங்களில் ஒன்று எனக்கு எப்போதும் மனக்கொதிப்பைத் தரும். 1995இல் அதிபர் சுகார்த்தோ மத்திய கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் கரிமண் காட்டை நெல்வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. நெல் விளையவில்லை. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. வாய்க்கால்கள் மட்டும் அப்படியே நின்று தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தன. 1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது என்ன நடந்தது என்பதை எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள மலேசிய மாநிலமான சரவாக் மக்கள் மறக்கமாட்டார்கள். அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் குறியீடு 800ஐத் தாண்டியது. சுகார்த்தோ அண்டை நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார். 2013இல் ஜொகூரின் மூவாரில் குறியீடு 700ஐத் தாண்டியபோது அதிபர் யுதயோனோவும் மன்னிப்புக் கேட்டார்.

2015 தான் கொடுமையின் உச்சம். இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் என்று உலக வங்கி மதிப்பிட்டது. நாம் இங்கே 200ஐப் பார்த்துப் பள்ளியை மூடிக்கொண்டிருந்த அதே நாட்களில், மத்திய கலிமந்தானின் பாலங்கா ராயா நகரில் அளவு 2,000ஐ நெருங்கியது. பகலில் வானம் மஞ்சளாக இருந்தது. குழந்தைகளை ஏற்றிச் செல்லக் கடற்படைக் கப்பல்களைத் தயாராக நிறுத்தினார்கள். அந்தப் புகையால் சுமார் 1,00,300 பேர் காலத்துக்கு முன்பே இறந்திருக்கலாம், அவர்களில் சுமார் 91,600 பேர் இந்தோனேசியர், 6,500 பேர் மலேசியர், 2,200 பேர் சிங்கப்பூரர் என்று ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித்தார்கள். இது கணினி மாதிரியால் வந்த மதிப்பீடு. அரசுகள் இதை ஏற்கவில்லை. அரசுகளின் பதிவேட்டில் அத்தனை பேர் வராததன் காரணம் எனக்குத் தெரியும். புகையால் மாரடைப்பு வந்து இறந்தவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் எழுதுகிறோம். புகை என்று எழுத அதில் கட்டம் இல்லை.

இந்தோனேசியர்களை நோக்கி விரல் நீட்டுபவர்களிடம் நான் இந்த விகிதத்தைத்தான் சொல்வேன். பத்தில் ஒன்பது பேர் அவர்கள். நமக்கு முன்பே, நம்மைவிட அதிகமாக மூச்சுத் திணறியவர்கள் அவர்கள்தான். பாலங்கா ராயாவின் குடிமக்கள் சிலர் 2016இல் தங்கள் அதிபர்மீதே வழக்குத் தொடுத்தார்கள். தீயைத் தடுக்கும் விதிகளை இயற்றுங்கள், நுரையீரல் நோயாளிகளுக்கு மருத்துவமனை கொடுங்கள் என்றார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை வென்றார்கள். 2022இல் மறுசீராய்வில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டுவிட்டது. இப்படி ஒரு போராட்டம் நடந்ததே நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

நிலத்தின் உரிமையாளர்கள் எல்லோரும் அந்த நாட்டுக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2019இல் தீ எரிந்ததற்காக இந்தோனேசிய அரசு முத்திரையிட்டு மூடிய தோட்டங்களில் மலேசிய, சிங்கப்பூர் நிறுவனங்களுக்குச் சொந்தமானவையும் இருந்தன. லாபம் இந்தப் பக்கம் வந்தது, புகையும் இந்தப் பக்கமே வந்தது. ஆசியான் நாடுகள் புகைமூட்ட ஒப்பந்தத்தில் 2002இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. அதை இந்தோனேசியா அங்கீகரிக்க 2014 ஆகிவிட்டது. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. சிங்கப்பூர் 2014இல் தனியாகச் சட்டம் இயற்றியது. வெளிநாட்டில் தீ வைத்துச் சிங்கப்பூருக்குள் புகை அனுப்பும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்க அதில் வழி இருக்கிறது. மலேசியாவில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு புகை வரும்போது எழும், மழை வந்ததும் அடங்கிவிடும்.

நம் வீட்டுக் கொல்லையிலும் இது உண்டு. கிள்ளானுக்குத் தெற்கே ஜொகான் செத்தியாவில் கரிமண் நிலம் எரியும்போது, நாட்டின் மற்ற இடங்களில் காற்று தெளிவாக இருந்தாலும் அங்கே மட்டும் குறியீடு 100ஐத் தாண்டும். அந்த நாட்களில் காற்றின் திசையைப் பார்க்காமலேயே, வருகிற நோயாளிகளின் முகவரியைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். அதே சிலாங்கூரில் ராஜா மூசா வனக்காப்பகத்தில் 2008 முதல் பழைய வாய்க்கால்களுக்குக் குறுக்கே தடுப்பு கட்டி, மரம் நட்டு, நிலத்தை மீண்டும் நனைக்கும் வேலையை வனத்துறையும் தன்னார்வலர்களும் கிராம மக்களும் செய்துவருகிறார்கள். இந்தோனேசியாவும் 2016இல் கரிமண் மீட்பு அமைப்பு ஒன்றை உருவாக்கியது. நீர்மட்டம் நிலப்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்று விதியும் கொண்டுவந்தது. இந்த வேலைகள் எல்லாம் தண்ணீர் இருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை. பழுப்பு இன்ஹேலரைப் போல. செய்த அன்று எதுவும் தெரியாது, அதனால் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. தீ வந்த பிறகு ஹெலிகாப்டருக்கு மட்டும் பணம் வந்துவிடுகிறது.

இனி என் தொழில் சார்ந்த சில விஷயங்கள்.

கைப்பேசியில் வரும் குறியீட்டு எண்ணை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நுண்துகளுக்கு அந்த எண் 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. காலையில் திடீரென்று புகை இறங்கினால், எண் ஏறுவதற்கு முன்பே உங்கள் நுரையீரல் அதை வாங்கிவிடும். கண் கரித்தாலோ, தூரத்துக் கட்டடம் மங்கினாலோ, அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கும் சின்னக் கருவியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். உங்கள் நல்ல நாளின் அளவு எவ்வளவு என்று தெரிந்திருந்தால், அதில் பாதிக்குக் கீழே இறங்கும் நாளில் வீட்டில் காத்திருக்க மாட்டீர்கள். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடியும் நீல மருந்து தேவைப்பட்டாலும், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டாலும், குழந்தைக்கு விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளிழுத்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உதடு நீலம் பாயும்வரை வைத்திருந்து தூக்கிவந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை முகக்கவசம் இந்த நுண்துகளை ஓரளவுதான் தடுக்கும். ஓரங்களில் காற்று நுழைந்துவிடும். என்95 நன்றாகத் தடுக்கும், ஆனால் நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அதை அணிந்து நடப்பதே சிரமம். அவர்களுக்குக் கவசத்தைவிட வீட்டில் ஒரே ஓர் அறையைத் தூய்மையாக வைத்திருப்பது நல்லது. ஜன்னலை மூடி, கதவு இடுக்கில் ஈரத்துணி வைத்து, குளிர்சாதனம் இருந்தால் வெளிக்காற்றை இழுக்காதபடி ஓடவிடுங்கள். குளிர்சாதனம் இல்லாத வீட்டில் வயதானவரை அடைத்து வைத்தால் புழுக்கமே ஆபத்தாகிவிடும். அப்படிப்பட்டவரைப் பகல் வேளையில் உறவினர் வீட்டுக்கோ நூலகத்துக்கோ அழைத்துப் போகலாம்.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு உள்ளே சாம்பிராணி போடுகிறோம், கொசுவர்த்தி ஏற்றுகிறோம். ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது வெளியே இருந்ததைவிட உள்ளே அதிகமாகக் கண் எரிந்தது. அந்தச் சில வாரங்களுக்கு ஒரு விளக்கோடு பூசையை முடித்துக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்லும்போது எனக்குக் குற்ற உணர்வும் வருகிறது. குப்பை லாரியில் நிற்பவருக்கும், பாதுகாவலருக்கும், செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளிக்கும் அந்த அறிவுரையால் என்ன பயன்? பள்ளிக்கு விடுமுறை விடும் எண் நமக்குத் தெரியும். தொழிலாளியை வெயிலிலும் புகையிலும் இருந்து உள்ளே அழைக்க வேண்டிய எண்ணை எத்தனை முதலாளிகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டிய கேள்வி இது.

அந்தப் பாட்டி இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் பழுப்பு இன்ஹேலரை வைக்கச் சொன்னேன். இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதால் அதுவே சரியான இடம். கடந்த டிசம்பரில் வந்தபோது நல்ல மழை. நெபுலைசர் அறையில் யாரும் இல்லை. நான்கு நாற்காலிகளையும் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில், கரிமண் நிலம் ஒன்றின் ஓரமாகக் காரை நிறுத்தினேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர். தேநீர் நிறத்தில், நுரைத்துக்கொண்டு, கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை குறுக்கே ஒரு தடுப்பும் இல்லை.