விடிந்தும் முறியாத வெறி

"இரவு குடித்துவிட்டு நன்றாக நித்திரை கொண்டால், விடிய மோட்டார் சைக்கிள் ஓடலாம்தானே?" என்று சாவகச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எவ்வளவு குடித்தார் என்பதைப் பொறுத்தது. அதிகம் குடித்திருந்தால் ஓடவே கூடாது.

கள்ளோ சாராயமோ, உள்ளே போவது எதனோல் என்ற மதுசாரம்தான். அது குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளையை மந்தமாக்குவது தெரிந்த கதை. அது உடலைவிட்டுப் போகும் விதம்தான் அருமையானது.

பெரும்பாலான மருந்துகள் இரத்தத்தில் எவ்வளவு கூடுதலாக இருக்கின்றனவோ அவ்வளவு வேகமாகக் குறையும். சில மணி நேரத்தில் பாதி, அப்புறம் மிச்சத்தில் பாதி. எதனோல் அப்படியில்லை. ஈரலில் உள்ள நொதியம் (இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் புரதம்) ஒன்று எதனோலிலிருந்து ஐதரசனைப் பிரித்தெடுத்து என்.ஏ.டி. என்ற மூலக்கூறிடம் கொடுக்கிறது. கொஞ்சம் குடித்த உடனேயே அந்த நொதியம் முழுவதும் வேலையில் இறங்கிவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு ஊற்றினாலும் வேகம் கூடாது. மில்லில் எத்தனை மூட்டை நெல் குவிந்தாலும் அரைபடும் வேகம் ஒன்றுதானே! அதனால் மதுவின் அளவு வரைபடத்தில் கிட்டத்தட்ட நேர்கோடாக இறங்குகிறது. சுவீடன் விஞ்ஞானி விட்மார்க் இதை 1930களிலேயே கணக்காக்கிவிட்டார். சராசரியாக, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மணிக்கு 15 மில்லிகிராம் குறையும்.

சரி, நள்ளிரவில் 180 மில்லிகிராம் இருந்ததென்று வையுங்கள். காலை 6 மணிக்கு 90 இருக்கும். இலங்கைச் சட்டத்தின் எல்லை 80. தேசிக்காய்ப் புளி, கோப்பி, கிணற்றடிக் குளியல் எதுவும் அந்த நொதியத்தின் வேகத்தைக் கூட்டாது. தலை தெளிந்ததுபோல இருக்கும். பிரேக் பிடிக்கும் கை பிந்தும். எனக்குப் பயம் அந்தத் தெளிவில்தான்.

பிடிபட்டவருக்குத் தண்டமும் அனுமதிப்பத்திரத் தடையும் மட்டும் போதாது. திரும்பத் திரும்பப் பிடிபடுபவர் பெரும்பாலும் நோயாளி. அவரைச் சிகிச்சைக்கும் அனுப்பவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. குடியை நிறுத்தவென்று நூல் கட்டுவதற்குப் போகும் காசும் காலமும் அங்கே போகலாம்.

அங்கே கொடுக்கக்கூடிய மருந்துகளில் ஒன்று டைசல்ஃபிராம். எதனோல் உடைந்து வரும் அசற்றல்டிகைட்டு என்ற நச்சுப் பொருளை அடுத்த நொதியம் அகற்றவிடாமல் இது தடுக்கிறது. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். இரத்த அழுத்தம் ஆபத்தாக விழவும் கூடும். ஆகவே குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கவே கூடாது. நாள்தோறும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து: ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். நிறுத்தும் முன்பே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.