சேஸிஸ்: பொருள், பிறப்பு, தமிழ்

லாரி வாங்குபவர் தொழிற்சாலையிலிருந்து சேஸிஸை மட்டும் ஓட்டிவந்து நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டுவார். பஸ் என்றால் கரூர். இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், மேலே இன்ஜினும் கியர்பாக்ஸும், கீழே அச்சுகளும் சக்கரங்களும். சேஸிஸ் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் இதுதான். ‘அடிச்சட்டகம்’ என்ற தமிழ்ச் சொல்லும் இதைப் பார்த்தே அமைந்தது. லாரிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் 1969இல் நிசான் நிறுவனம் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்றும், அமெரிக்காவில் டட்சன் 240இசட் என்றும் வெளியிட்ட இரண்டு கதவு கூப்பே காருக்கு அடியில் அப்படித் தனியே பிரிக்கக்கூடிய சட்டகம் கிடையாது. கூரை, தளம், பக்கத் தகடுகள் எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடலே பாரம் தாங்குகிறது. இருந்தும் அந்தக் காரின் வகையை அறிய விரும்புபவர் முதலில் தேடுவது சேஸிஸ் எண்ணைத்தான். தனிச் சேஸிஸ் இல்லாத காருக்குச் சேஸிஸ் எண் எப்படி வந்தது?

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. மூலம் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’. பிரெஞ்சில் அது ‘ஷாஸ்’ ஆகி, அதிலிருந்து சட்டம் என்ற பொருளில் ‘ஷாஸி’ பிறந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லையே வழங்குகிறார்கள். ஜன்னல் சட்டத்துக்கான ஆங்கிலச் சொல்லான ‘சாஷ்’ இதன் திரிபே. பீரங்கியைத் தாங்கும் சட்டத்துக்கும் இந்தப் பெயர் போனது. மோட்டார் வண்டி வந்தபோது அதன் அடிச்சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு கார்களின் அமைப்பு மாறி, தனிச் சட்டம் மறைந்தது. வண்டியை அடையாளப்படுத்தப் பொறிக்கும் எண் மட்டும் பழைய பெயரோடு நிலைத்துவிட்டது.

240இசட்டில் அந்த எண், இன்ஜின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் தகட்டில் நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. முகப்பு மூடியைத் தூக்கினால் இன்ஜினுக்குப் பின்னால் தெரியும். நம் ஊரில் வண்டியைப் பெயர் மாற்றும்போது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணின் அச்சை எடுப்பார்கள் அல்லவா, அதே போல இங்கும் தேய்த்துப் பார்ப்பது நல்லது. எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் சீராக இல்லாவிட்டால் அந்தத் தகடு வெட்டி ஒட்டப்பட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள்தான் சுவையானவை. அடிப்படைக் குறி எஸ்30. ஜப்பானுக்குள் விற்ற 2 லிட்டர் கார் வெறும் எஸ்30 ஆகவே இருந்தது. முன்னால் எச் சேர்ந்தால் 2,393 சிசி எல்24 இன்ஜின். இடையில் எல் வந்தால் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஆகவே அமெரிக்காவுக்குப் போன 240இசட் எச்.எல்.எஸ்.30; பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது எச்.எஸ்.30. 1974இன் 260இசட்டில் எச் போய் ஆர் வந்தது. பின்னால் இரண்டு சிறிய இருக்கைகள் சேர்த்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை 2,305 மில்லிமீட்டரிலிருந்து 2,605 ஆக நீட்டியபோது முன்னால் ஜி சேர்ந்தது.

இந்த இலக்கணத்தை மனப்பாடம் செய்தவரையும் இடறவைக்கும் இடம் ஒன்று உண்டு. 2,753 சிசி இன்ஜினோடு 1975இல் வந்த அமெரிக்க 280இசட்டும் எச்.எல்.எஸ்.30 என்றே தொடங்குகிறது. அங்கே பின்வரும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 280இசட்டின் வரிசை 200001இல் தொடங்குகிறது, 240இசட் அந்த எல்லையைத் தொடவே இல்லை.

எல்லாரும் தேடுவது பி.எஸ்.30. அதுதான் இசட்432: ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரின் எஸ்20 இன்ஜினைப் பொருத்தி ஏறத்தாழ 420 கார்களே செய்தார்கள். சிலிண்டருக்கு 4 வால்வுகள், 3 கார்புரேட்டர்கள், 2 கேம்ஷாஃப்டுகள் என்பதையே 432 என்று பெயராக்கினார்கள். பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரட்டைப் புகைக்குழாய் அதன் வெளி அடையாளம். ஆனால் புகைக்குழாயை யாரும் மாற்றிவிடலாம். 1971இல் ஜப்பானில் வந்த 240இசட்.ஜி.யின் நீண்ட பிளாஸ்டிக் மூக்கும் அப்படித்தான். பிற்பாடு எத்தனையோ சாதாரண இசட் கார்கள் அந்த மூக்கைப் பெற்றுவிட்டன. முதல் கட்ட 240இசட்டின் அடையாளமாகச் சொல்லப்படும், பின்மூடியிலுள்ள காற்றுத் துளைகளும் மூடியோடு சேர்ந்து இடம் மாறக்கூடியவை. இன்ஜின் எண்ணும் முழுச் சான்று ஆகாது. எல்20, எல்24, எல்26, எல்28 நான்கும் ஒரே குடும்பம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று எளிதாக உட்கார்ந்துவிடும். கழற்றி மாட்ட முடியாதது உடலில் பொறித்த எண் ஒன்றே. அதனால்தான் அதை இத்தனை வலியுறுத்துகிறேன்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘அடிச்சட்டக எண்’ லாரிக்குச் சரி. இசட் போன்ற காரில் எண் அடியிலும் இல்லை, தனிச் சட்டத்திலும் இல்லை. ‘அடி’யை விட்டுவிட்டுச் ‘சட்டக எண்’ என்று எழுதுவதே என் தேர்வு. சட்டகம் என்பதற்குத் தமிழ் அகராதிகள் சட்டம் என்பதோடு வடிவு, உடல் என்ற பொருள்களையும் தருகின்றன. உடலே சட்டமாக நிற்கும் காருக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. இலங்கையில் சட்டக இலக்கம் என்று எழுதலாம்.

இன்னொரு வேறுபாட்டையும் ஜப்பானியர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய வாகன ஆவணத்தில் ‘கதாஷிகி’ தனி, ‘ஷதாய் பங்கோ’ தனி. முன்னது எந்த வகைக் கார் என்பதைச் சொல்லும். பின்னது அந்த வகையில் எந்தக் கார் என்பதைச் சொல்லும். நாம் இரண்டையும் சேஸிஸ் நம்பர் என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கதாஷிகியை ‘வகைக்குறி’ என்போம். அப்போது எச்.எல்.எஸ்.30 என்பது வகைக்குறி, அதைத் தொடரும் இலக்கங்கள் வரிசை எண், இரண்டும் சேர்ந்து சட்டக எண்.