பூட்டு, அவிழ்: முடக்கும் திறப்பும் ஏன் பொருந்தா

மொரிசியசின் தலைநகர் போர்ட் லூயிஸில் கணினிவழி வடிவமைப்புக் கற்கும் நம் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட பாடக்குறிப்பில், வரைவிலுள்ள புள்ளியை 'லாக்' செய்வது 'முடக்குதல்' என்றும், 'அன்லாக்' செய்வது 'திறத்தல்' என்றும் இருப்பதை இந்த ஆண்டில் நான்காம் முறையாகப் படித்தேன். இரண்டும் பிழை; 'பூட்டு', 'அவிழ்' என்பனவே பொருந்தும்.

பூண் என்பதன் பிறவினை பூட்டு. ஏர் பூட்டுவதும் வில்லில் நாண் பூட்டுவதும் ஒன்றை மற்றொன்றோடு பிணைப்பதே. கதவுப் பூட்டு அப்பொருளின் ஒரு கிளை.

முடங்கியது செயலற்றது. பூட்டிய புள்ளியோ செயலற்றதன்று. ஃபிரீகேட் என்னும் வடிவமைப்பு மென்பொருளில் ஒரு புள்ளியைப் பூட்டினால், ஆதிப்புள்ளியிலிருந்து (அளவுகள் தொடங்கும் புள்ளி) அதன் கிடைத்தொலைவும் செங்குத்துத் தொலைவும் அளவுகளாகப் பதிகின்றன. அந்த எண்களை மாற்றினால் புள்ளி புதிய இடத்துக்குப் போகும். முனைக்கு இரண்டு வீதம் நேர்கோட்டுக்கு அசையும் வழிகள் 4. ஒரு முனையைப் பூட்டினாலும் 2 எஞ்சுவதால், தறியில் கட்டிய மாடு சுற்றி மேய்வதுபோல் கோடு சுழலும், நீளும், குறுகும். மேய்கிற மாட்டை முடமான மாடு என்பாருண்டா? இதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. பூட்டு போன்ற ஒரு கட்டுப்பாட்டைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் கட்டளை அதே மென்பொருளில் தனியாக இருக்கிறது. 'முடக்கு' அதற்கே உரிய சொல். பூட்டை முடக்கினால் புள்ளி அசையத் தொடங்கும். அப்படியிருக்க, பூட்டுவதையே முடக்குவது என்று எழுதினால், ஒரே சொல் நிறுத்துவதற்கும் அசையவிடுவதற்கும் நின்று, கற்பவரைத் திண்டாட வைக்கிறது. கட்டளையை ஒருமுறையேனும் இயக்கிப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்ப்பவர்களால் வரும் வினை இது.

'திற' வந்த வழி எனக்குத் தெரிவதாகவே நினைக்கிறேன். இங்கே பலர் மென்பொருளைப் பிரெஞ்சில் பயன்படுத்துகிறார்கள். அதில் 'லாக்' என்பதற்குள்ள 'வெருயே' என்னும் வினை தாழ்ப்பாளைக் குறிக்கும் 'வெரு'விலிருந்து பிறந்தது. தாழ்ப்பாளைக் கண்டதும் கதவு நினைவுக்கு வர, திற என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் கோப்பையும் வரைவையும் நாம் திறக்கிறோமே! 'வரைவைத் திற' என்றால் மாணவர் எதைச் செய்வார்? ஏர் பூட்டியவர் மாலையில் ஏரைத் திறப்பதில்லை, அவிழ்க்கிறார். கரும்பு வண்டியில் மாடு பூட்டிய முன்னோரின் வழிவந்த நமக்கு இச்சொல்லை யாரும் புதிதாக ஆக்கித்தர வேண்டியதில்லை.

'விடுவி' எளிது என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அதையும் என்னால் ஏற்க இயலவில்லை. பூட்டு நீங்கிய பின்னும் அந்தப் புள்ளி வேறொரு கோட்டின் முனையோடு பொருந்தியிருக்கலாம், வட்டத்தின் மேல் நிறுத்தப்பட்டிருக்கலாம். அங்கே புள்ளி விடுபடுவதில்லை. ஒரு பூட்டு மட்டும் அவிழ்கிறது.