டாக்கிகார்டியா: தமிழில் விரைவுத் துடிப்பு

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குக் கடலூர்ப் பக்கமிருந்தும் நோயாளிகள் வருவார்கள். "நெஞ்சு படபடன்னு அடிக்குது சார்" என்பார்கள். சீட்டில் டாக்டர் எழுதுவது டாக்கிகார்டியா. இரண்டும் ஒன்றல்ல. படபடப்பு என்பது நோயாளி உணர்வது. நாடி 70 இருக்கும்போதும் அது வரலாம். டாக்கிகார்டியா எண்ணிப் பார்த்துச் சொல்வது: ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 100-க்கு மேல்.

சொல் கிரேக்கம்: டாக்கிஸ் என்றால் விரைவு, கார்டியா என்றால் இதயம். தமிழில் 'மிகை இதயத்துடிப்பு' என்று எழுதுவோர் உண்டு. மிகை அளவைச் சொல்வது. பலமான துடிப்பு என்றும் மயங்க இடம் தரும். அதனால் எனக்கு 'விரைவுத் துடிப்பு' பிடிக்கும்.

எல்லா விரைவும் இதயக் கோளாறு இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொல்லையில் வெயிலில் சுருண்டவருக்கு நாடி 120 ஓடினால், உடம்பு தண்ணீர் கேட்கிறது. வேகத்தை மருந்து கொடுத்து அடக்கினால் கெடுதல்தான்.

150-ஐத் தாண்டி ஓடும் துடிப்பால் ரத்த அழுத்தம் சரிந்தால், நினைவு தடுமாறினால், நெஞ்சு வலித்தால் மின் அதிர்ச்சிதான். அதைத் துடிப்போடு ஒத்திசைத்துக் கொடுக்க வேண்டும். தவறான நொடியில் விழுந்தால் இதயம் வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும்.

ஆள் நிதானமாக இருந்தால் ஈசிஜி பேசும். கீழறைகள் துடிப்பதைக் காட்டும் க்யூஆர்எஸ் அலை 0.12 நொடிக்குக் குறுகலாக, சீராக வந்தால் பெரும்பாலும் மேலறைப் பக்கத்துக் கோளாறு. வால்சால்வா முறைதான் முதலில்: உட்காரவைத்து 10 மில்லி சிரிஞ்சின் வாயில் தண்டு நகரும்படி 15 நொடி முக்கி ஊதச் சொல்வார்கள், உடனே மல்லாக்கச் சாய்த்து, கால்களை 15 நொடி தூக்கிப் பிடிப்பார்கள். 2015-இல் வெளியான ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது. கால் தூக்காத பழைய முறையில் 17 சதவீதம். காசில்லாத வைத்தியம்!

அடங்காவிட்டால் அடினோசின் என்ற மருந்து 6 மில்லிகிராம், ரத்த நாளத்தில் சட்டென்று, பின்னாலேயே உப்புநீர். சில நொடி உயிரே போவதுபோல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அலை அகலமாக இருந்தால், வேறென்று தெளியும்வரை அது வென்ட்ரிகுலார் டாக்கிகார்டியா, அதாவது கீழறை விரைவுத் துடிப்பு. நாடி இருந்து, ஆளும் தெளிவாக இருந்தால் அமியோடரோன் என்ற மருந்து 150 மில்லிகிராம், 10 நிமிடத்தில். நாடியே இல்லையென்றால் ஒத்திசைவுக்குக் காத்திருக்காமல் அதிர்ச்சி. கருவி தயாராகும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.