தெரியாத ஒளியைத் தேடித் தடையியைக் கழற்றாதீர்கள்

வெள்ளவத்தையில் நான் நடத்தும் மின்னணுப் பழுதுபார்க்கும் கடைக்குச் சென்ற வாரம் சாதாரண தர மாணவன் ஒருவன் தன் தந்தையோடு வந்தான். வாசலைக் கடப்பவரை அறிந்து ஒலியெழுப்பும் சுற்றொன்றைப் பாடசாலைக் கண்காட்சிக்காகச் செய்திருந்தான். அதிலிருந்த, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை (infrared) வீசும் எல்.ஈ.டி.யின் தெளிந்த குமிழ் மஞ்சளித்து, அடிப்பகுதி கருகியிருந்தது. "எரியவே இல்லை அங்கிள், அதுதான் தடையியைக் கழற்றிப்போட்டு நேரே குடுத்துப் பார்த்தனான்" என்றான். மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவதே தடையியின் வேலை. ஒரு மாதத்துக்குள் இந்தப் பதிலை நான் கேட்பது இது நான்காவது முறை.

அந்த எல்.ஈ.டி. முதலிலேயே எரிந்துகொண்டுதான் இருந்தது. மனிதக் கண் ஏறத்தாழ 700 நனோமீற்றர் அலைநீளம் வரையே காணும்; கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் இவ்வகை எல்.ஈ.டி. 940 நனோமீற்றரில் ஒளிர்கிறது. ஆகவே மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்கினாலும் அது கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. கருகும்வரை தெரியாது, கருகிய பின்னரும் தெரியாது. சிவப்பு எல்.ஈ.டி. மங்கலாக எரிந்தால் தடையியைக் குறைத்துப் பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதுதான் தவறு. தெரியவில்லை என்பதும் எரியவில்லை என்பதும் ஒன்றல்ல என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

கைத்தொலைபேசிக் கமராவின் முன் எல்.ஈ.டி.யைப் பிடியுங்கள், எரிந்தால் திரையில் ஊதா கலந்த வெண்புள்ளி தோன்றும். சில பின்பக்கக் கமராக்களில் இக்கதிரைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால், முதலில் தொலைக்காட்சி ரிமோட்டின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது தெரியாவிட்டால் முன்பக்கக் கமராவுக்கு மாறுங்கள்.

5 வோல்ற்று வழங்கலுக்கு 220 ஓம் தடையி போதும். எல்.ஈ.டி. தனக்கென 1.2 வோல்ற்று அளவில் எடுத்துக்கொள்ள, ஏறத்தாழ 17 மில்லி அம்பியர் பாயும்.

இக்கதிரைப் பிடிக்கும் உணரியாக ஒளி இருவாயியைப் (photodiode) பயன்படுத்துவோர் அதைப் பின்முகமாக இணைக்க வேண்டும்: எதிர்க்கால் 5 வோல்ற்றுக்கு, நேர்க்கால் 10 கிலோ ஓம் தடையி ஊடாகப் பூச்சியத்துக்கு, அதாவது வழங்கலின் எதிர்முனைக்கு. வழக்கமான எல்.ஈ.டி. போலக் கோத்துவிட்டுப் பழுதென்று தூக்கிப்போட்ட நல்ல உணரிகள் என் மேசையில் ஒரு டப்பி நிறைய இருக்கின்றன. ரிமோட்டுக்கான மூன்று கால் உணரியோ 38 கிலோஹேட்சு அளவில் துடிக்கும் கதிருக்கே விடையளிக்கும். தொடர்ந்து எரியும் ஒளியை அது பொருட்படுத்தாது. சூரிய ஒளியிலும் இக்கதிர் மிகுதியாக உள்ளதால், கடல் பக்க யன்னலருகே மாலை நான்கு மணிக்குச் சோதித்துவிட்டுச் சுற்றைக் குறை சொல்லாதீர்கள்.

எரிகிறதா என்று எல்.ஈ.டி.யைக் கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். வெளிச்சம் தெரிந்தால் இமை மூடும், கண்மணி சுருங்கும். இக்கதிருக்கு அந்தத் தற்காப்பு இல்லை. ரிமோட்டிலுள்ள சிறிய எல்.ஈ.டி. வழக்கமான பயன்பாட்டில் தீங்கு செய்யாது. இரவுக் கண்காணிப்புக் கமராவிலிருந்து கழற்றிய வலுவானவற்றை அவ்வாறு கருதாதீர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பழைய எல்.ஈ.டி. மின்குமிழிலிருந்து எடுத்த மின்சுற்றுப் பலகையைக் கொண்டு இச்சுற்றுக்கு மின் கொடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். அவற்றுட் பல 230 வோல்ற்று வீட்டு மின்னிலிருந்து மின்காப்பால் பிரிக்கப்படாதவை. வெளியே வரும் வோல்ற்றளவு குறைவாக இருந்தாலும், தொட்டால் உயிர் போகலாம். நான்கு சிறிய பற்றரிகளும் அதே 220 ஓம் தடையியும் இந்த வேலைக்குத் தாராளம்.