சிறுகோளின் தரவுகளில் முதலில் பார்க்க வேண்டிய எண்

சிறுகோள்களின் ஒளியை அளப்பது என் வேலை என்பதால், எங்காவது ஒரு சிறுகோளைப் பற்றிய செய்தி வந்தாலே "இது பூமியில் மோதுமா, சார்?" என்ற கேள்வியும் என்னிடம் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் விட்டத்தைப் படித்துவிட்டுத்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது விட்டம் அன்று. அந்தச் சிறுகோள் சூரியனுக்கு மிக அருகில் வரும் அண்மைநிலைத் தொலைவே.

1807 மார்ச் 29 அன்று ஹைன்ரிக் ஓல்பர்ஸ் கண்டறிந்த வெஸ்டாவை எடுத்துக்கொள்வோம். கண்டறியப்பட்ட வரிசைப்படி அதன் எண் 4. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையில் இருந்துகொண்டு, சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 3.6 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. சராசரி விட்டம் சுமார் 525 கிலோமீட்டர் என்றதும் மனம் பதறலாம். ஆனால் அண்மைநிலையிலேயே அது சூரியனிலிருந்து 2.15 வானியல் அலகு தள்ளி நிற்கிறது. பூமி சுற்றுவதோ 1 அலகுத் தொலைவில். இரண்டும் மிக நெருங்கும் காலத்திலும் இடையில் ஏறத்தாழ 17 கோடி கிலோமீட்டர் இருக்கும், அதாவது சூரியன் நமக்கு இருக்கும் தூரத்தைவிடக் கூடுதல். அண்மைநிலை 1.3 அலகுக்குக் குறைவாக உள்ளவற்றையே பூமியை நெருங்கும் சிறுகோள்கள் எனத் தனியே பிரித்துக் கண்காணிக்கிறார்கள்.

விட்டத்தை நான் இரண்டாவதாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான சிறுகோள்களின் விட்டம் நேரே அளந்து பெற்றதன்று. தொலைநோக்கியில் தெரிவது ஒரு புள்ளி மட்டுமே. அதன் பொலிவை வைத்து, பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று ஓர் அனுமானம் செய்துகொண்டுதான் அளவைக் கணக்கிடுகிறோம். தனிப்பொலிவெண் (தொலைவின் விளைவை நீக்கிச் சொல்லும் பொலிவின் அளவு) 15 கொண்ட ஒரு சிறுகோள், நூற்றில் ஐந்து பங்கு ஒளியை மட்டும் திருப்பும் கரிய பாறையானால் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் இருக்கும். கால் பங்கைத் திருப்பும் வெளிர்பாறையானால் 2.7 கிலோமீட்டர்தான். வெஸ்டாவின் அளவில் இந்தக் குழப்பம் இல்லை. 2011 ஜூலை முதல் 2012 செப்டம்பர் வரை டான் விண்கலம் அதைச் சுற்றிவந்தே அளந்தது. விழும் ஒளியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் திருப்புவதால், நல்ல இருட்டில் சில சமயம் வெறுங்கண்ணுக்கே தென்படும் சிறுகோளும் அதுதான்.

சிறுகோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் சுழற்சிக்காலம் எங்கள் தொழிலில் ருசியான பகுதி, ஏமாற்றுவதும் அதுவே. நீள்வடிவச் சிறுகோள் ஒன்று சுழலும்போது அகன்ற பக்கம் இருமுறை நம்மை நோக்குவதால், அதன் ஒளி மாற்றத்தைக் காட்டும் வரைபடத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு இறக்கமும் விழும். பழக்கத்தில் அப்படியே எண்ணிவிடுகிறோம். வெஸ்டாவின் ஒளி மாற்றத்துக்கோ வடிவத்தைவிட, ஒரு பக்கம் வெளிர்ந்தும் மறுபக்கம் கறுத்தும் இருப்பதே பெரிய காரணம்; ஆகவே ஒரு சுற்றுக்கு ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமுமே வருகின்றன. வழக்கமான கணக்கைப் போட்டால் 10 மணி 40 நிமிடம் என்று வரும். உண்மையில் அது 5 மணி 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுழல்கிறது.

வெஸ்டா நம்மிடம் வராது என்றாலும் அதன் துண்டுகள் வந்திருக்கின்றன. அதன் தென்துருவத்தில், மோதலில் உண்டான ரியாசில்வியா என்ற சுமார் 500 கிலோமீட்டர் அகலப் பள்ளம் இருக்கிறது. ஏறக்குறைய வெஸ்டாவின் விட்டமே அவ்வளவுதான். அப்படியொரு மோதலில் தெறித்த பாறைகளில் சில நெடுங்காலம் அலைந்து பூமியை வந்தடைந்தன. அப்படி வந்த யூக்ரைட் என்ற வகை விண்கல்லை வெட்டிப் பார்த்தால், உள்ளே எரிமலைக் குழம்பு உறைந்த வெளிர்சாம்பல் பாறை. மேலே, நம் காற்றில் உருகிப் படிந்த பளபளப்பான கருந்தோல்.